வலி தெரியாமல் ஓடிய குதிரை

எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு வைகாசி மாத ஞாயிற்றுக்கிழமை காலையில், காரைக்குடியை அடுத்த மானகிரிச் சாலையில் நடந்தது இது. அன்று சாலையின் இரு பக்கமும் நின்றவர்கள் ஐந்நூறு பேராவது இருப்பார்கள். திருவிழாவின் குதிரை வண்டிப் பந்தயத்தில் ஒரு குதிரை கால் முறிந்து விழுந்தது என்று அவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஏன் முறிந்தது என்று அங்கே தெரிந்தவர்கள் நான்கே பேர். அதில் ஒருவன் நான். இன்னொருத்தி என் மகள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது.

நான் அந்தப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் கால்நடை மருந்தகத்தில் கம்பவுண்டராக இருந்தேன். மருந்து கலப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, டாக்டர் ஊசி போடும்போது மாட்டைப் பிடித்துக்கொள்வது, இவைதான் என் வேலை. டாக்டர் முகாமுக்குப் போயிருக்கும் நாட்களில் சின்னச் சின்ன வைத்தியத்தை நானே பார்ப்பேன். அந்த நாட்களில் சனங்கள் என்னையே "டாக்டரய்யா" என்று கூப்பிடுவார்கள். நான் ஒருநாளும் திருத்தியதில்லை. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

எங்கள் ஊரில் அப்போது மூன்று குதிரை வண்டிகள் ஓடின. அதில் ஒரு வண்டிக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். காலையில் என் மகளோடு சேர்த்து ஏழு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போவார், சாயங்காலம் கொண்டுவந்து விடுவார். நடுவில் கண்டனூரில் கல்யாணம், காட்சி என்றால் ரயிலடிக்குப் போய் விருந்தாளிகளை ஏற்றி வருவார். நெற்றியில் வெள்ளைச் சுழி உள்ள செவலைக் குதிரை. என் மகள் தினமும் தன் தட்டில் ஒரு இட்லியை மிச்சம் வைத்துக் காகிதத்தில் சுற்றி எடுத்துப்போய் அதற்குக் கொடுப்பாள். குதிரை இட்லி தின்னும் என்று எனக்கு அவள் சொல்லித்தான் தெரியும்.

அவளுக்கு ஆறு வயதாக இருந்தபோது, ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம் காய்ச்சல் ஏறி அவளுக்கு வலிப்பு வந்தது. தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் போனதால் பஸ் நின்றுவிட்டது. நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நின்று கத்தியது எனக்கே சரியாக நினைவில்லை. வண்டிக்காரர் வந்து நின்றார். "ஏறுங்கய்யா, பேச்செல்லாம் அப்புறம்" என்றார். ஆறு மைல். தரைப்பாலத்தில் தண்ணீர் குதிரையின் முழங்காலுக்கு மேல் போனது. அது ஒரு கணம் கூடத் தயங்கவில்லை. காரைக்குடி ஆஸ்பத்திரியில் பிள்ளையைப் பார்த்த டாக்டர், இன்னும் அரை மணி நேரம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை என் மனைவிக்குக் கேட்காத குரலில் என்னிடம் சொன்னார். வெளியே வந்து பார்த்தால், வண்டிக்காரர் தன் துண்டைப் பிழிந்து பிழிந்து, நடுங்கிக்கொண்டிருந்த குதிரையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

பிறகு நான் எது கொடுத்தாலும் அவர் வாங்கவில்லை. "என்னய்யா பேசுறீக, தெனமும் நம்ம வண்டியில வார பிள்ளைல்ல" என்று சொல்லிவிட்டார்.

எங்கள் பக்கத்துத் திருவிழாக்களில் மாட்டு வண்டிப் பந்தயத்தோடு குதிரை வண்டிப் பந்தயமும் உண்டு. மூன்று மைல் போய், எல்லையில் நடப்பட்ட கம்பத்தைச் சுற்றித் திரும்பி வர வேண்டும். எல்லையை முதலில் தொடும் வண்டிக்குக் கொடி கொடுப்பார்கள். திருவிழாவுக்குப் பத்து நாள் முன்பு ஊர்த் தலைவரான அம்பலகாரர் கையால் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்வது வழக்கம். வாங்கிவிட்டால் வண்டி கட்டியே ஆக வேண்டும். வெற்றிலையைத் திருப்பிக் கொடுப்பது ஊரையும் சாமியையும் சேர்த்து அவமதிப்பது மாதிரி. அந்தச் செவலை இரண்டு வருடம் தொடர்ந்து முதலாவதாக வந்திருந்தது. மூன்றாவது வருடமும் வண்டிக்காரர் முதல் ஆளாகப் போய் வெற்றிலை வாங்கினார்.

பந்தயத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது குதிரை முன்னங்கால் ஒன்றை நொண்ட ஆரம்பித்தது. மருந்தகத்துக்குக் கொண்டுவந்தார். வெளியே வீக்கம் பெரிதாக இல்லை. வலி எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்க டாக்டர் ஒரு சோதனை செய்தார். கணுக்காலுக்கு மேலே இரண்டு பக்கமும் மரத்துப்போகிற மருந்தை ஊசியில் ஏற்றினார். பத்து நிமிடத்தில் குதிரை காலை நன்றாக ஊன்றி நடந்தது. வண்டிக்காரர் வாயைப் பிளந்துவிட்டார்.

"என்னங்கய்யா இது, மந்திரம் போட்டாப்புல இருக்கு!"

டாக்டர் சிரிக்கவில்லை. "மந்திரமுமில்ல, மாயமுமில்ல. வலி எங்க இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு, அவ்வளவுதான். எலும்புல கீறல் விட்டிருக்கும்னு நினைக்கிறேன். வலிக்கிறதுனாலதான் அது காலைத் தூக்கித் தூக்கி வச்சு தன்னைக் காப்பாத்திக்குது. இப்ப அதுக்கு ஒண்ணும் தெரியாது. மருந்து இறங்குற வரைக்கும் ஓட விட்டுறாத, கட்டிப் போடு. ஒரு மாசத்துக்கு வண்டி கட்டக் கூடாது" என்றார். நான் அப்போது மருந்துக் குப்பியைக் கையில் பிடித்தபடி பக்கத்தில்தான் நின்றேன். ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது.

வெள்ளிக்கிழமை டாக்டர் ஒரு கூட்டத்துக்காக மதுரைக்குப் போனார். ஞாயிறு முற்பகல் பஸ்ஸில் வருவதாகச் சொல்லி மருந்து அலமாரிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை சாயங்காலம் வண்டிக்காரர் என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"கால் எப்படி இருக்கு?" என்றேன்.

"நொண்டத்தான்யா செய்யுது."

"அப்ப வண்டி கட்டலைன்னு அம்பலகாரர்கிட்டச் சொல்லிருங்க. உடம்புக்குச் சரியில்லைன்னா ஊரு ஒண்ணும் சொல்லாது."

"சொல்லத்தான்யா போனேன். அங்குட்டு எட்டுப் பத்துப் பேரு உக்காந்திருக்காக. நான் வாயைத் தொறக்கங்குள்ள ஒருத்தன், 'என்னப்பா, போன வருசம் குதிரை ஓடுச்சு, இந்த வருசம் நீயே ஓடப்போறியாமுல்ல'ங்கிறான். எல்லாரும் சிரிக்கிறாக. வெத்தலையைத் திருப்பி நீட்டக் கை வரலய்யா. வந்துட்டேன்."

 பிறகு, "அன்னைக்கு டாக்டரய்யா போட்டாகள்ல, அந்த ஊசி. அதை மட்டும் நாளைக்குக் காலையில போட்டு விட்டீகன்னா போதும். அரை மணி நேரத்துல பந்தயம் முடிஞ்சிரும். பெறகு ரெண்டு மாசம் கட்டிப்போட்டு உக்கார வச்சுத் தீனி போடுறேன்" என்றார்.

"டாக்டர் கூடாதுன்னு சொன்னாருல்ல?"

"சொன்னாக. ஆனா நீங்க மட்டும் என்ன கொறச்சலாய்யா? எத்தனை வருசக் கைப்பழக்கம். ஊரே ஒங்களையத்தான டாக்டருங்குது."

மழையில் ஓடிய நாளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் ஒருவேளை மறுத்திருப்பேனோ என்று பலமுறை நினைத்ததுண்டு. நன்றிக்காகத்தான் ஒப்புக்கொண்டேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிவந்தேன். அது பாதி உண்மைதான். ஊசியைக் கையில் எடுத்தால் நானும் அந்த மந்திரத்தைச் செய்து காட்ட முடியும் என்ற ஆசை மீதிப் பாதி. இதை எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது.

அவர் போனபின் என் மனைவி, "டாக்டர் வந்திரட்டுமேங்க" என்றாள். "ஒரே ஒரு ஊசிதானே" என்றேன்.

மறுநாள் காலையில் மகளும் கிளம்பி நின்றாள். "நம்ம குதிரை ஜெயிக்கிறதைப் பாக்கணும்" என்றாள். கூட்டிப்போனேன். சாலையை விட்டுச் சற்றுத் தள்ளி ஒரு புளியமரத்தடியில் வண்டிக்காரர் குதிரையோடு காத்திருந்தார். சாப்பாட்டு டப்பாவில் வைத்திருந்த ஊசியையும் குப்பியையும் எடுத்தேன். குதிரை என்னைப் பார்த்து மிரளவில்லை. அது மகளின் பாவாடையை முகர்ந்து இட்லியைத் தேடிக்கொண்டிருந்தது. டாக்டர் செய்த மாதிரியே காலைத் தடவி இடம் பார்த்து, இரண்டு பக்கமும் ஊசி போட்டேன். 

"எதுக்குப்பா ஊசி?" என்றாள் மகள்.

"வலிக்காம இருக்குறதுக்கும்மா."

"அப்ப காலு நல்லாயிருச்சா?"

எனக்குப் பதில் தெரியும். "ஆயிருச்சும்மா" என்றேன்.

பத்து நிமிடத்தில் குதிரை காலை அழுத்தி ஊன்றியது. இரண்டு மூன்று முறை தரையைத் தட்டிப் பார்த்தது. வண்டிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. என்னைப் பார்த்துக் கைகூப்பினார். நானும் அந்தக் கும்பிட்டை வாங்கிக்கொண்டு நின்றேன்.

பந்தயம் தொடங்குமுன் விழாக் கமிட்டிக்காரர்கள் சோதனை போடுவார்கள். சாட்டைக் கம்பில் ஆணி அடித்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். வண்டி ஓட்டும் சாரதியின் மடியை அவிழ்த்துக் காட்டச் சொல்வார்கள், குதிரைக்குத் தேய்த்து விரட்ட மிளகாய்ப் பொடி வைத்திருக்கிறானா என்று பார்க்க. சிலர் குதிரைக்குச் சாராயம் புகட்டிவிடுவார்கள் என்பதால் ஒருவர் ஒவ்வொரு குதிரையின் வாயையும் பிடித்து முகர்ந்து பார்ப்பார்.

"வாடை அடிக்குதுப்பா!" என்றார் அவர் ஒரு வண்டியருகே நின்று.

"அண்ணே, அது குதிரை வாயி இல்ல, எங்க மச்சான் வாயி. அவரு பின்னால உக்காந்திருக்காரு" என்று அந்தச் சாரதி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

செவலையிடம் வந்தபோது கம்பைப் பார்த்தார்கள், மடியைப் பார்த்தார்கள், வாயை முகர்ந்தார்கள். காலை யாரும் பார்க்கவில்லை. மிருகத்துக்கு வலி கொடுப்பது குற்றம் என்று எங்கள் ஊருக்குத் தெரிந்திருந்தது. வலியை எடுத்துவிடுவதும் குற்றமாக இருக்க முடியும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. பெரிய நகரங்களின் பந்தய மைதானங்களில், ஓடி முடித்த குதிரையின் சிறுநீரைப் பிடித்து என்ன மருந்து கொடுத்திருக்கிறார்கள் என்று சோதிப்பார்களாம். பின்னால் ஒரு பத்திரிகையில் படித்தேன். 

எட்டு வண்டிகள் கிளம்பின. நானும் மகளும் முடிவுக் கோட்டுக்கு அரை மைல் முன்னால் ஒரு சிறு பாலத்துக் கட்டையின் மேல் ஏறி நின்றோம். கொஞ்ச நேரத்தில் மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர், "செவலைதான் கொடி வாங்கிருச்சு!" என்று கத்திக்கொண்டே போனார். மகள் குதித்தாள். விழுந்துவிடப்போகிறாள் என்று அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பயம் எனக்கு எப்போதும் உண்டு. குதிரையைப் பற்றி அந்த நேரத்தில் எனக்கு ஒரு பயமும் இல்லை.

தூரத்தில் புழுதி தெரிந்தது. முதலில் செவலை. அடுத்த வண்டி அதற்கு நூறு அடி பின்னால். சனங்கள் துண்டைச் சுழற்றிக் கூவினார்கள். எங்களுக்கு நேராக வரும்போது அதன் முன்னங்கால் தரையில் பட்ட விதம் மாறியது. சத்தம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை. குளம்பு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, அவ்வளவுதான் கண்ணில் பட்டது.

அது நிற்கவில்லை. இதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. ஏழெட்டுத் தப்படி அப்படியே ஓடியது, முறிந்த காலை ஊன்றி ஊன்றி. வண்டிக்காரருக்கும் தெரியவில்லை. கூவிக்கொண்டிருந்தவர்களுக்கும் தெரியவில்லை. மகள் கைதட்டிக்கொண்டிருந்தாள். பிறகு வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வண்டிக்காரர் சாலையோரம் போய் விழுந்தார். குதிரை மூக்கு தரையில் உரச விழுந்து சறுக்கியது.

நான் ஓடினேன். மற்ற வண்டிகள் எங்களைத் தாண்டிப் போயின. குதிரை எழுந்தது. எழுந்து அந்தக் காலை ஊன்றியது, திரும்ப விழுந்தது. மறுபடி எழுந்தது. வலித்திருந்தால் ஒரு முறையோடு அடங்கியிருக்கும். எதனால் விழுகிறோம் என்று அதற்குப் புரியவில்லை. தலையைத் திருப்பித் தன் காலைப் பார்த்தது. முழங்கையெல்லாம் ரத்தமாக வண்டிக்காரர் தவழ்ந்து வந்து அதன் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "எந்திரிக்காதடா... எந்திரிக்காத, சாமி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாலு பேர் சேர்ந்து அதைப் படுக்க வைத்தோம்.

டாக்டர் வரும் பஸ்ஸை எதிர்பார்த்து ஒருவரைச் சைக்கிளில் அனுப்பினோம். கொஞ்ச நேரத்தில் மருந்தின் வேகம் இறங்கியது. அது எனக்கு முன்னமே தெரியும். குதிரையின் உடம்பெல்லாம் வேர்த்தது. தோல் துடித்தது. அதன் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை இங்கே எழுத வேண்டாம். குப்பியில் மிச்சம் இருந்த மருந்தை எடுத்து அதே இடத்தில் போட்டேன்.  காலையில் செய்தது போலவேதான் இப்போதும் செய்தேன். அந்த மருந்து எதற்காக இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

டாக்டர் வந்தார். குனிந்து காலைப் பார்த்தார். ரோமத்தை ஒதுக்கி ஊசி போட்ட இடங்களைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"காலையில எத்தனை சி.சி.?"

சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் தன் பெட்டியைத் திறந்தார். "பிள்ளையை அங்குட்டுக் கூட்டிட்டுப் போ" என்றார்.

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். மகள் எனக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. நான் அவளைப் பாலத்துக் கட்டையில் விட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறேன். எப்போதும் அவள் கையை விடாதவன் அன்று விட்டிருக்கிறேன். தூக்கிக்கொண்டு நடந்தேன். வழியில் அவள் அழவில்லை, எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

திங்கட்கிழமை டாக்டர், "நீயே எழுதிக் குடுக்கிறியா, நான் எழுதட்டுமா?" என்றார். நானே எழுதிக் கொடுத்தேன். தண்டனையாகச் சம்பள உயர்வு நின்றது. ஆறு மாதம் கழித்து வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. அதெல்லாம் எனக்குப் போதாது என்றுதான் பட்டது.

ஊரில் யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரியாது. கெட்ட நேரம் என்றார்கள், கண்ணு பட்டுவிட்டது என்றார்கள். ஒருவாரம் கழித்து வண்டிக்காரர் வீட்டுக்குப் போனேன். வாசலில் வண்டி குதிரையில்லாமல் முன்கட்டைகள் தரையில் படக் குப்புறச் சாய்ந்து கிடந்தது. நான் பேச ஆரம்பித்ததும் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நாந்தானய்யா கேட்டேன். நீங்க குடுத்தீக."

கோபமே இல்லாமல்தான் சொன்னார். இருவர் பங்கையும் அதைவிடச் சரியாக யாரும் பிரித்துச் சொல்லிவிட முடியாது. அவர் வேறு குதிரை வாங்கவில்லை. காரைக்குடியில் ஒரு அரிசி மில்லுக்கு மூட்டை தூக்கப் போனார். பிள்ளைகள் பஸ்ஸில் போக ஆரம்பித்தார்கள்.

அந்த வருடக் கடைசியில் மகளுக்குப் பல்வலி. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுபோனேன். அவள் மாத்திரையை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"அப்பா, இது பல்லு சரியாகுறதுக்கா, வலி தெரியாம இருக்குறதுக்கா?"

குத்திக்காட்டிக் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது, கேட்டாள். "வலி தெரியாம இருக்கத்தான்மா" என்றேன். அவளிடம் நான் மறைக்காமல் சொன்ன முதல் பதில் அதுவாகத்தான் இருக்கும். அன்றைக்கே பஸ் ஏறி அவளைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

இப்போது அவள் மதுரையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வாரம் ஒரு கடிதம் வருகிறது. சாப்பாடு நன்றாக இருக்கிறது, படிப்பு நன்றாகப் போகிறது, ஒரு குறையும் இல்லை, கவலைப்படாதீர்கள் என்று எழுதுகிறாள். என் மனைவி அதை இரண்டு முறை படித்துவிட்டு நிம்மதியாக மடித்து வைக்கிறாள். எனக்குத்தான் முடியவில்லை. போன மாதம் கூட அப்படி ஒரு கடிதம் வந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் மதுரைக்குப் போய் விடுதி வாசலில் நின்றேன். என்னப்பா திடீரென்று வந்தீர்கள் என்று பதறிப்போனாள். சும்மாதான் வந்தேன் என்று சொல்லிவிட்டு, அவள் என்னை நோக்கி நடந்து வந்தபோது அவள் நடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலிக்கிறது என்று ஒரு பிள்ளை அழுதால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியும். ஒன்றுமே இல்லை என்று சிரித்துக்கொண்டே ஓடுகிற பிள்ளையைப் பார்த்தால்தான் எனக்கு இன்றும் பயமாக இருக்கிறது.